கருவறையும் கூலி வயலும்

கருவில் வளரும் சிசுவுக்குக் கதிர்வீச்சினாலும் இரசாயனங்களினாலும் விளையும் கேடுகள் பெரும்பாலும் இரு வேறு துறைகளிலேயே ஆராயப்பட்டு வந்துள்ளன. உழைக்கும் பெண்ணின் உடலோ அவற்றைத் துறை பிரித்துப் பெறுவதில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களில் கூலிக்குக் களை பிடுங்கும் பெண்ணை மனங்கொண்டு இப்பிரச்சினையை நோக்குவோம்.

1945இல் ஹிரோசிமாவிலும் நாகசாகியிலும் குண்டு வீழ்ந்தபோது தாய் வயிற்றிலிருந்தோர் பற்றி 1984இல் வெளியான ஆய்வு, கருவின் 8 முதல் 15 வரையான கிழமைகளே மூளைக்கு மிக ஆபத்தானவை எனக் காட்டியது. நரம்புக் கலங்கள் பெருகி உரிய இடத்துக்கு நகரும் காலம் அது. பூச்சிநாசினிகளுள் ஒரு பிரிவான சேதனப் பொசுபரசுச் சேர்வைகளும் வளரும் மூளையையே பாதிக்கின்றன. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களிடையே நடந்த ஆய்வின் முடிவு 2011இல் வெளியாயிற்று. கர்ப்பகாலத்தில் இவற்றுக்கு அதிகம் ஆட்பட்ட தாய்மாரின் பிள்ளைகள் 7 வயதில் நுண்ணறிவுச் சோதனையில் குறைந்த புள்ளிகளையே பெற்றிருந்தனர்.

இரண்டும் சேர்ந்தால் கேடு பன்மடங்காகும் என அவசரப்பட்டு முடிவுகட்டுதல் தகாது. கதிர்வீச்சின் விளைவுகளை ஆராயும் ஐக்கிய நாடுகள் விஞ்ஞானக் குழு, 2000ஆம் ஆண்டின் அறிக்கையில் கூட்டு விளைவுகளைத் தனியே ஆராய்ந்தது. ஒன்றையொன்று மிகுவிக்கும் தன்மைக்கு அது கண்ட தெளிவான உதாரணம், ரேடன் வாயுவும் புகைத்தலும் சேர்ந்து விளைவிக்கும் நுரையீரற் புற்றுநோயே. கருவைப் பற்றிய சான்றுகளோ பெரிதும் விலங்குப் பரிசோதனைகளைச் சார்ந்தவை.

அளவும் கருதற்பாலது. தாயின் மார்பை எக்ஸ்கதிர்ப் படம் எடுக்கையில் சிசு பெறுவது 0.01 மில்லிகிரேயிலும் குறைவு. உறுப்புக் குறைபாடு அஞ்சப்படுவது ஏறத்தாழ 100 மில்லிகிரேக்கு மேலேயாகும். எனவே படுவான்கரைப் பெண்ணைப் பொறுத்தவரை, இவ்விரண்டில் நாளாந்தம் உடலோடு ஒட்டுவது இரசாயனமே.

எனினும் பாதுகாப்பு எதிர்த்திசையிலேயே அமைந்துள்ளது. கதிர்வீச்சுடன் பணிபுரியும் பெண் தன் கர்ப்பத்தை அறிவித்தால், எஞ்சிய காலத்தில் சிசு பெறும் அளவு சுமார் 1 மில்லிசீவேர்ட்டை மீறலாகாது என்பது சர்வதேச ஆணைக்குழுவின் பரிந்துரை. கூலிப் பெண்ணுக்கு அளவுமானி இல்லை. கர்ப்பத்தை அறிவித்தால் அவள் அடையக்கூடியது கூலி இழப்பே. இலங்கை 1995இல் மொனோகுரோட்டோபொசையும் 1998இல் எண்டோசல்பானையும் தடைசெய்து பல உயிர்களைக் காத்தது உண்மை. ஆனால் அத்தடைகளுக்கு அளவுகோலாக நின்றது நஞ்சருந்திய மரணங்களின் கணக்கே; பிறப்புகளின் கணக்கன்று.

ஆகவே இங்கு விஞ்ஞானத்தின் இடைவெளி உழைப்பின் இடைவெளியுமாகும். எவருடைய உழைப்பு பதிவேட்டில் ஏறுகிறதோ, அவருடைய கருவே அளக்கப்படுகிறது. கூட்டு விளைவு பற்றிய ஆய்வு, வயலில் நிற்கும் அப்பெண்ணைக் கணக்கில் சேர்ப்பதிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.