சதுரங்கத் திறமையை அளக்கும் எண்

வெப்பநிலையை அளக்க வெப்பமானி உண்டு. எடையை அளக்கத் தராசு உண்டு. சதுரங்கம் ஆடுபவரின் திறமையை எதனால் அளப்பது? இதற்கு வழி கண்டவர்களுள் முதன்மையானவர் ஓர் இயற்பியல் பேராசிரியர். அங்கேரியில் 1903-இல் பிறந்து, அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலுள்ள மார்க்குவெட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆர்பாட் எலோ என்பவரே அவர். அவர் வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இலும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இலும் ஏற்றுக்கொண்டன.

இம்முறையில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் எண் உண்டு. அதனைத் தரப்புள்ளி என்போம். ஒரு போட்டியில் பொழுதுபோக்காக ஆடும் இருவர் மோதுவதாகக் கொள்வோம். ஒருவரின் தரப்புள்ளி 1700, மற்றவருடையது 1500. ஆட்டத்தில் வென்றால் 1 மதிப்பெண், சமநிலையானால் அரை, தோற்றால் 0. தரப்புள்ளி வேறுபாடு 200 ஆக இருந்தால், வலியவர் ஆட்டத்திற்குச் சராசரியாக 0.76 மதிப்பெண்ணும் எளியவர் 0.24 மதிப்பெண்ணும் பெறுவர் என்கிறது எலோவின் சூத்திரம்.

ஆட்டம் முடிந்ததும், கிடைத்த மதிப்பெண்ணிலிருந்து எதிர்பார்த்த மதிப்பெண்ணைக் கழித்து, ஒரு மாறிலியால் பெருக்குவார்கள். மாறிலி 20 எனக் கொள்வோம். எளியவர் வென்றால் அவருக்கு 15.2 புள்ளிகள் கூடும்; சமநிலை செய்தாலே 5.2 கூடும், தோற்றால் 4.8 மட்டுமே குறையும். வலியவருக்கோ இவை அப்படியே எதிர்மாறாகும்.

இக்கணக்கு நியாயமானதா? எளியவர் 100 ஆட்டங்களில் 24-இல் வென்று 76-இல் தோற்பதாகக் கொள்ளுங்கள். 24 × 15.2 = 364.8; 76 × 4.8 = 364.8. வரவும் செலவும் சரியாகிவிட்டன! அவர் 30 ஆட்டங்களில் வென்றால் வரவு மிகுந்து, அவருடைய தரப்புள்ளி உயரும். உயர்ந்த புள்ளிக்கேற்ப எதிர்பார்ப்பும் உயரும். இவ்வாறு இந்த எண் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது.

ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். வாயுவின் வெப்பநிலையை அறிந்தால் மூலக்கூறுகளின் சராசரி ஆற்றலைக் கூறலாம்; ஒரு குறிப்பிட்ட மூலக்கூறின் வேகத்தைக் கூற முடியாது. தரப்புள்ளியும் அத்தகையதே. பல ஆட்டங்களின் சராசரியைக் கூறும். இன்றைய ஆட்டத்தின் முடிவைக் கூறாது. தம்மினும் பெரிய எண்ணை உடையவரோடு ஆட நேர்ந்தால் மாணவர்கள் பலர் பலகையில் அமருமுன்பே மனம் தளர்ந்துவிடுகின்றனர். கணக்கைப் பார்த்தாலோ, அந்த ஆட்டத்தில் அவர்கள் இழக்கக்கூடியது சிறிது, பெறக்கூடியது பெரிது. தயங்காமல் முதற்காயை நகர்த்துங்கள்.