கொட்டியாரக் குடாக் கரையில் ஓர் இரவு

காட்சிகளைக் காணச் செல்லும் பிரயாணம் ஒரு வகை. உற்றாரைக் காணச் செல்லும் பிரயாணம் மற்றொரு வகை. இவ்விரண்டையும் ஒருங்கே கருதி, ஆகஸ்ட் விடுமுறையில் யாழ்ப்பாணத்திலிருந்து மோட்டார் வண்டியில் குடும்பத்துடன் திருகோணமலைக்குப் புறப்பட்டோம். பிள்ளைகளின் பிடிவாதத்தால் கூடாரமொன்றும் உடன் வந்தது. அம்மாதத்திற் கீழ்க்கடல் அமைதியாயிருக்கும். வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அங்கே கூடாரம் நிலைக்காது.

வவுனியாவிற் கிழக்கே திரும்பி, ஹொரவப்பொத்தானையைக் கடந்து, கன்னியாவில் இறங்கினோம். அங்கே ஏழு வெந்நீர்க் கிணறுகள் அருகருகே இருக்கின்றன. ஆயினும் ஒன்றின் வெம்மை மற்றொன்றுக்கு இல்லை. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் ஆற்றிய தலம் இது என்பது ஐதிகம். பிள்ளைகள் ஏழிலும் நீர் மொண்டு பார்த்து வியந்தனர்.

அன்றிரவு நகரிலுள்ள பெரியம்மா வீட்டில் தங்கினோம். காலையிற் சுவாமி மலையில் ஏறிக் கோணேசப் பெருமானைத் தரிசித்தபின், "சம்பூருக்குப் போகிறோம், நீங்களும் வாருங்கள்" என்றோம். பெரியம்மா சற்று நேரம் பேசவில்லை. சம்பூரிலிருப்பவர் அவருடைய உடன்பிறந்த தங்கை. இருவரும் நேரிற் கண்டு மூன்று ஆண்டுகளாகிவிட்டனவாம்.

சீனன்குடாவைக் கடக்கையில், பிள்ளைகளுக்குப் பெரியம்மா பழங்கதை சொன்னார். 1942 ஏப்ரல் 9-ம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு வீசியபோது, அவருடைய தாயார் கைக்குழந்தையுடன் ஊரைவிட்டு அகன்றாராம். பெருங்கப்பல்கள் ஒதுங்கும் ஆழமான இயற்கைத் துறைமுகம் வல்லரசுகளை அழைத்தது. அவற்றின் போரோ ஊர்மக்களைச் சிதறடித்தது.

கிண்ணியாவில் முன்னர் 'பாதை' எனப்படும் மிதவையே வண்டிகளை அக்கரை சேர்த்தது. அதற்காக மணிக்கணக்கிற் காத்திருந்தும், அக்காலத்தில் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் சகோதரிகள் இருவரும் கூடுவார்களாம். 2009-ம் ஆண்டிலே 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. இறால்குழியிலும் கங்கையிலும் பின்னர் பாலங்கள் எழுந்தன. "வழி சுருங்கிவிட்டது, நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன்" என்றார் பெரியம்மா. எமக்கும் அச்சொல் சுருக்கென்று தைத்தது.

மூதூரைத் தாண்டிச் சம்பூரை அடைந்தோம். 2006-ம் ஆண்டின் போரிலே இவ்வூர் மக்கள் யாவரும் இடம்பெயர்ந்தனர்; 2015-ம் ஆண்டு முதலே படிப்படியாகத் திரும்பினர். முகாம் வாழ்வின்பின் திரும்பிவந்து சின்னம்மா புதிதாய் நட்ட தென்னைகள் முற்றத்தில் நின்றன. வாசலுக்கு வந்தவர் தமக்கையைக் கண்டதும் கையைப் பற்றிக்கொண்டாரேயன்றி, ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாம் சற்றே விலகி நின்றோம்.

மாலையிற் குடாக்கரைக்குச் சென்றோம். அலைக்கு அருகே கூடாரம் அடிக்கப் பிள்ளைகள் முற்பட்டபோது, சின்னம்மா தடுத்தார். "அடம்பன் படர்ந்திருக்கிற இடத்துக்கு மேலே கட்டுங்கோ பிள்ளையள்; வழமையான அலை அதுமட்டும் வராது" என்றார். 2004 டிசம்பர் 26-ம் திகதி கடல் அடம்பனையும் தாண்டி வந்ததைக் கண்டவர் அவர். ஆதலால், ஊருக்குள் ஓடும் வழியையும் முதலிற் காட்டிவிட்டே உட்கார்ந்தார்.

சின்னம்மாவின் பிள்ளைகள் புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்தனர். இருள் சூழ்ந்ததும் குடாவின் அக்கரையிலே திருகோணமலை நகரின் விளக்குகள் வரிசையாகத் தோன்றின. "ஒவ்வொரு இரவும் அந்த வெளிச்சத்தைப் பார்ப்பன். அக்கா அங்கேதான் என்று நினைப்பன்" என்றார் சின்னம்மா. பெரியம்மா தலை குனிந்தார். வரும் தைப்பொங்கலைச் சம்பூரிலே பொங்குவதென்று அவ்விடத்திலேயே தீர்மானமாயிற்று.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது எம்மவர் பழமொழி. மணலிலே தனித்துக் கிடக்கும் கொடியை ஒரு குழந்தையும் அறுத்துவிடும். திரண்டு படர்ந்ததை அறுக்க முடியாது. பாலங்களை அரசாங்கம் அமைக்கலாம். அவற்றைக் கடந்து செல்லவேண்டியவர்கள் நாமேயன்றோ?