தட்ட வேண்டிய தூசு, தட்டக் கூடாத தூசு

ஆலையில் தூசு பிடிக்கும் பேக் ஃபில்டரின் பைகளை எல்லாம் கழற்றிவிட்டுப் புதிய பைகளை மாட்டிய அன்று, புகைபோக்கியை அண்ணாந்து பார்ப்பவருக்கு ஒரு சந்தேகம் வரும். நேற்றுவரை தொங்கிய அழுக்குப் பைகளைவிட இந்தப் புதுப் பைகள் அதிகத் தூசை வெளியே விடுகின்றனவே? பைகளில் குறையில்லை. நெய்த துணியில் இழைக்கும் இழைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, பிடிக்க வேண்டிய தூசைவிடப் பல மடங்கு பெரியது. முதலில் வரும் துகள்கள் இழைகளில் ஒட்டும். அவற்றின் மேல் அடுத்தவை ஒட்டும். இடைவெளிகளின் குறுக்கே தூசே பாலம் கட்டி ஒரு மெல்லிய பொருக்கு உருவாகும். அதற்குப் பிறகு தூசை வடிகட்டுவது பெரும்பாலும் தூசுதான். துணி அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

ஆகவே தொழிற்சாலைக் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்வது என்பது நாம் வீட்டு ஏசியின் வலையைக் குழாயடியில் காட்டிக் கழுவுகிற வேலை இல்லை. பொருக்கு தடிக்கத் தடிக்கக் காற்று புக இடமில்லாமல் மின்விசிறி திணறும். எனவே உதிர்த்தாக வேண்டும். முழுக்க உதிர்த்தாலோ வடிகட்டியே போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதில்தான் இந்தத் துறையின் முக்கால்வாசி சாமர்த்தியம் இருக்கிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்தக் கேள்வியின் இரண்டு முனைகளையும் அருகருகே பார்க்கலாம். ஒருபுறம் கல் கிரஷர்கள், ஈசிஆர், ஓஎம்ஆர் சாலைகளில் எழும் அடுக்குமாடிகளுக்குக் கலவை அனுப்பும் ரெடிமிக்ஸ் ஆலைகள். இங்கே வடிகட்டியை நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மறுபுறம் கல்பாக்கம் அணு வளாகம். அணுபுரம் குடியிருப்பிலிருந்து வேலைக்குப் போகிறவர்களில் பலருக்குத் தெரிந்த வடிகட்டி வேறு இனம். அதை ஒருபோதும் தட்டக் கூடாது.

தட்டுவதிலிருந்து தொடங்குவோம். தூசு ஏன் ஒட்டுகிறது? பெரிய கல் சுவரில் ஒட்டாது; அதைப் பொடித்த மாவு ஒட்டும். துகளின் விட்டம் பாதியானால் அதன் எடை எட்டில் ஒன்றாகக் குறைகிறது. ஒட்டும் விசையோ பாதியாக மட்டுமே குறைகிறது. இப்படியே குறைத்துக்கொண்டு போனால், ஒரு மைக்ரான் அளவுள்ள கல்தூசின் ஒட்டுவிசை அதன் எடையைப் போல லட்சக்கணக்கான மடங்கு ஆகிவிடும். தனித் துகளை உலுக்கி விழவைக்க எந்த இயந்திரத்தாலும் ஆகாது. ஆனால் அதே துகள்கள் கூடிப் பொருக்கானால் கணக்கு மாறுகிறது. பொருக்கு தடிக்கும்போது எடை கூடுகிறது. துணியோடு அது ஒட்டியிருக்கும் பரப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு ஓர் உதறு போதும், காய்ந்த சுண்ணாம்புப் பட்டை சுவரிலிருந்து பெயர்வதுபோல ஏடு ஏடாக விழும். சுத்தம் செய்வதற்கு முன் போதுமான அழுக்குச் சேர விட வேண்டும் என்ற விசித்திர விதி இங்கிருந்துதான் வருகிறது.

உதறுவதற்கான வழிகளில் பழையது, பைகளைத் தொங்கவிட்டிருக்கும் சட்டத்தையே மோட்டாரால் ஆட்டுவது. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே ஜெர்மனியின் லூபெக் நகரில் பேத் என்பவர் தானாக உலுக்கிக்கொள்ளும் பைவடிகட்டிகளைச் செய்து விற்கத் தொடங்கிவிட்டார். அந்த உத்தி இன்னும் சாகவில்லை. ரெடிமிக்ஸ் ஆலையின் சிமென்ட் சைலோ உச்சியில் பெட்டி போலவோ டிரம் போலவோ ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல்கர் லாரி வந்து நின்று, காற்றழுத்தத்தால் சிமென்டைக் குழாய்வழி மேலே ஏற்றும். சிமென்ட் சைலோவில் தங்கிவிடும்; அதைத் தள்ளிக்கொண்டு வந்த காற்று எப்படியாவது வெளியேற வேண்டுமே, அது வெளியேறும் வழியில்தான் அந்த வடிகட்டி இருக்கிறது. லாரி இறக்கி முடித்ததும் அதிர்வு மோட்டார் சிறிது நேரம் ஓடி, ஒட்டிய சிமென்டை மறுபடி சைலோவுக்குள்ளேயே உதிர்த்துவிடும். இதில் முக்கியமானது நேரம்: காற்று பாயும்போது உலுக்கினால் உதிர்ந்தது அங்கேயே திரும்ப ஒட்டும். யாராவது இந்த மோட்டாரை மறந்து, வடிகட்டி அடைத்துக்கொண்டால் சைலோவுக்குள் அழுத்தம் ஏறும். உச்சியிலுள்ள பாதுகாப்பு வால்வு திறந்து அக்கம்பக்கத்து மாடித் துணிகளெல்லாம் சாம்பல் நிறமாகும்.

அடுத்தது எதிர்க்காற்று. பெரிய சூளைகளின் சூடான புகைக்குக் கண்ணாடியிழைப் பைகள் தேவைப்படுகின்றன. கண்ணாடியிழை வெப்பத்தைத் தாங்கும், மடக்கினால் ஒடிந்துவிடும். அதனால் ஒரு பகுதியை மட்டும் அடைத்து, எதிர்த்திசையில் காற்றை மெதுவாக விட்டுப் பையைச் சற்றே ஒடுங்கச் செய்து பொருக்கை விழவைப்பார்கள். கோயம்புத்தூர் நூற்பாலைகளில் காட்சி வேறு. அங்கே சேர்வது தூசும் பஞ்சிழையும் கலந்த மெத்தை. அது உதிராது, உரிக்கத்தான் வேண்டும். சுழலும் உருளை வடிகட்டியின் மேல் உறிஞ்சுவாய் ஊர்ந்துபோய் அதை உரித்தெடுத்துக்கொள்ளும். தாழ்ந்த சுருதியில் ஊதும் ஒலிக்கொம்புகளை வைத்து அதிர்வால் உதிர்ப்பதும் உண்டு. பிற முறைகளுக்கு அது துணைதான்.

இன்று இந்த ஆட்டத்தில் முன்னால் நிற்பது பல்ஸ் ஜெட். 1950களில் அமெரிக்காவில் வந்தது. அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளைக் கடப்பவர்கள் சீரான இடைவெளியில் 'டப்... டப்...' என்று கேட்பது இதன் சத்தம். கம்பிக் கூண்டின் மேல் பையை மாட்டி, தூசு வெளிப்பக்கம் படியுமாறு காற்றை உள்நோக்கி இழுக்கிறார்கள். கூண்டின் வாய்க்கு மேலே ஒரு குழாய். சொலினாய்டு வால்வு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடும்; 5, 6 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று பைக்குள் பாயும். ஓடிக்கொண்டிருக்கும் வடிகட்டியை நிறுத்தாமலே, ஒரு வரிசைக்குப் பின் அடுத்த வரிசை என்று சுத்தம் செய்துகொண்டே போகலாம்.

அந்தக் காற்று துணியின் துளைவழியே வந்து தூசை ஊதித் தள்ளுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் பங்கு சிறிது. கூண்டோடு ஒட்டிக் கிடந்த பை சட்டென்று வெளியே உப்புகிறது, முழுதாக விறைத்ததும் அப்படியே நிற்கிறது. பை நின்றுவிட்டது; அதோடு வந்த பொருக்கு நிற்கவில்லை. பேருந்து பிரேக் போடும்போது நாம் முன்னால் சாய்கிற அதே நிலைமம்தான். அந்தக் கணத்தில் பை உணரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போலப் பல பத்து மடங்கு இருக்கும். பொருக்கு தடித்திருந்தால் ஏடாகக் கழன்று, கீழே தூசு சேரும் ஹாப்பருக்குள் விழும்.

தடித்திருக்காவிட்டால்? இங்கேதான் ஆலைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. 'டிபி ஏறுது' என்று பயந்து டைமரைக் குறுக்கி, சில நொடிகளுக்கு ஒரு முறை அடிக்க விடுகிறார்கள். டிபி என்பது வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள காற்றழுத்த வேறுபாடு. நீர்மட்டக் கணக்கில் மில்லிமீட்டரில் சொல்வார்கள். அடிக்கடி அடித்தால் பொருக்கு உருவாக நேரமில்லை. தூசு ஏடாக விழாமல் மாவாகப் பறக்கும்; மேல்நோக்கிப் போகும் காற்று அதைப் பக்கத்துப் பையில் கொண்டுபோய் ஒட்டும். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் பை கூண்டின் மேல் அறைந்து திரும்பும்போது கொஞ்சம் நுண்தூசு துணியைக் கடந்து மறுபுறம் போய்விடும். துணியும் கம்பியில் உராய்ந்து கிழியும். டைமரை நம்பாமல், டிபி சுமார் 150 மில்லிமீட்டரைத் தொட்டால் அடிக்கத் தொடங்கி 100க்கு இறங்கியதும் நிறுத்துவது போல வைத்துக்கொள்வது நல்லது. பைகளும் நீடிக்கும், அழுத்தக் காற்றுக்கான மின்செலவும் குறையும். ஓர் ஆலையின் பராமரிப்பு எப்படி என்று தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த எளிய வழி ஹாப்பரின் வெளிச்சுவரைப் பார்ப்பது. அது சுத்தியல் அடிபட்டு நசுங்கிக் கிடந்தால், உள்ளே தூசு இறுகிக்கொள்கிறது, ஆட்கள் நாள்தோறும் தட்டுகிறார்கள் என்று பொருள்.

கடற்கரைக்கு இன்னொரு தொல்லை உண்டு. மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை காற்றில் எப்போதும் உப்பு இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே நீர் கோத்துக் கரைந்துவிடும். இந்தக் கரையில் அது அன்றாட விடியற்காலை நிலைமை. உப்பு கலந்த பொருக்கு இரவில் நனைந்து பகலில் காய்ந்து காரை போல இறுகுகிறது. அதை எந்த அடியும் அசைக்காது. கம்ப்ரசர் காற்றை உலர்த்தாமல் பல்ஸுக்கு அனுப்பினால் சுத்தம் செய்யும் கருவியே தூசை நனைக்கும் கருவியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ட்ரையர் பழுதானால் வேறு வினையே வேண்டாம்.

இனி மறுமுனை. அணு நிலையங்களில் வெளியே போகும் காற்று புகைபோக்கியை அடையும் முன் கடக்க வேண்டியது ஹெப்பா வடிகட்டி. இரண்டாம் உலகப் போர்க்கால அணுகுண்டுத் திட்டத்தோடு பிறந்தது. ஒரு மைக்ரானைவிட மெல்லிய கண்ணாடியிழைகளால் ஆன தாளை மடித்து மடித்துச் சட்டத்தில் அடைத்திருப்பார்கள். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது இதன் இலக்கணம். ஏன் அந்த அளவு? பெரிய துகள் வளைந்து செல்லும் காற்றோடு வளைய முடியாமல் இழையில் மோதி மாட்டும். மிகச் சிறியது காற்று மூலக்கூறுகளால் அலைக்கழிக்கப்பட்டுத் தாறுமாறாகத் திரிந்து எங்காவது மாட்டும். நடுவில் உள்ளது இரண்டுக்கும் தப்பும். இப்படித் தப்ப வல்லது 0.3 மைக்ரான் அளவில் இருக்கும் என்று அந்த நாளில் கணித்தவர் நோபல் பரிசு பெற்ற இர்விங் லாங்மியூர். எனவே அதைப் பிடித்துவிட்டால் அதைவிடச் சிறியவை தப்பும் என்ற கவலை வேண்டாம்.

ஹெப்பாவில் துகள் தாளின் ஆழத்துக்குள் போய் மாட்டுகிறது. மேலே பொருக்குக் கட்டுவதை நம்பி அது இயங்குவதில்லை. ஆக, உதிர்க்க ஏடு இல்லை. உலுக்கினால் முறிவது தாள். அதைவிடப் பெரிய காரணம், உதிர்ந்தது எங்கே போகும் என்பது. கதிரியக்கத் துகளை மறுபடி காற்றில் கிளப்பும் எந்த வேலையும் சுத்தம் ஆகாது. எனவே டிபி வரம்பைத் தொட்டதும் ஹெப்பாவை அப்படியே கழற்றிவிடுவார்கள். வடிகட்டிப் பெட்டியின் வாயிலில் பொருத்திய பிளாஸ்டிக் பைக்குள் பழைய வடிகட்டியை இழுத்து, பையை ஒட்டி மூடி வெட்டியெடுப்பார்கள். மனிதக் கை வடிகட்டியைத் தொடாது. அதன் பிறகு அது திடக்கழிவு. புதிதாக மாட்டியதில் கசிவு இருக்கிறதா என்று நுண்துளிப் புகையைச் செலுத்திச் சோதித்த பிறகே அதற்கு வேலை. தட்டிக் கழுவ முடியாததால், முன்வடிகட்டிகளை வைத்து ஹெப்பாவுக்குத் தூசே வராமல் பார்த்துக்கொள்வதில்தான் கவனமெல்லாம். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் 1990களில் எஃகு இழைகளால் ஹெப்பா செய்து, எதிர்க்காற்றால் சுத்தம் செய்து பார்த்தது. கனமும் காற்றுத்தடையும் அதிகம். கண்ணாடித்தாளின் இடத்தை அதனால் பிடிக்க முடியவில்லை.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்பவர்களுக்கு 1957 போதும். அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் ராக்கி ஃபிளாட்ஸில் புளூட்டோனியம் கையாளும் கட்டடத்தில் தீப்பிடித்து வடிகட்டிகளே எரிந்தன. எரியாத கண்ணாடித்தாளின் அருமை அதன்பின் நன்றாக விளங்கியது. ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 10 அன்று, இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலை எரிவது கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே 120 மீட்டர் புகைபோக்கிகளின் உச்சியில் வடிகட்டி வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் இயற்பியலாளர் ஜான் காக்கிராஃப்ட். கட்டுமானம் பாதியில் இருந்தபோது வந்த யோசனை. வீண்செலவு என்று அதற்கு 'காக்கிராஃப்டின் முட்டாள்தனம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். தீ பிடித்த நாளில் கதிரியக்கத் தூசில் கணிசமான பகுதியைத் தடுத்தது அந்த முட்டாள்தனம்தான்.

கல்பாக்கத்துக்கு இதில் ஒரு சொந்தச் சிக்கலும் இருக்கிறது. 1985 அக்டோபர் 18 முதல் இயங்கும் சோதனை வேக ஈனுலையும், 2024 மார்ச்சில் உலையகத்தை நிரப்பத் தொடங்கிய 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையும் உருகிய சோடியத்தால் குளிர்விக்கப்படுபவை. சோடியம் காற்றில் பட்டால் எரிந்து அடர்ந்த வெண்புகை எழும். அந்தப் புகை ஆக்சைடாகப் பிறந்து, ஈரத்தைக் குடித்து ஹைட்ராக்சைடாகி, கரியமில வாயுவைச் சேர்த்துக் கார்பனேட்டாக மாறும். நமது கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இத்தகைய புகை ஹெப்பாவை விரைவில் அடைத்துவிடும். காரமும் ஈரமுமாக அதில் படிவதை உலுக்கி எடுக்க வழியில்லை. எனவே இந்தப் புகைத்துகள்களின் அளவும் ரசாயனமும் நேரத்தோடு எப்படி மாறுகின்றன என்று இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இதற்கென்றே சோதனைக்கூடம் வைத்து ஆராய்கிறது. ஒரு நல்ல செய்தி, இந்தத் துகள்கள் நீரில் கரையும். அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் 1980களின் தொடக்கத்தில் சோடியம் புகையைத் தண்ணீரில் மூழ்கிய சரளைக்கல் படுகைக்கு அடியிலிருந்து விட்டுப் பார்த்தார்கள். கற்களுக்கிடையே குமிழிகளாக நெளிந்து மேலே வருவதற்குள் துகள்கள் நீரில் கரைந்துபோயின. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத வடிகட்டி. தன்னைத் தானே கழுவிக்கொள்ளும்.

அதே தண்ணீர், சரளைக்கல்லை உடைக்கும் கிரஷரில் குழப்பம் செய்கிறது. கிரஷரின் இயந்திரங்களிலிருந்து 3 முதல் 10 மீட்டருக்குள் அளந்தால் ஒரு கன மீட்டர் காற்றில் தூசு 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதற்கு மலிவான வழி கல் விழும் இடங்களில் நீர் தெளிப்பது. ஆனால் நுண்தூசை நீர் போதுமான அளவு அடக்காது. அங்கே தொழிலாளியின் நுரையீரலுக்குள் போவது சிலிக்கா. சரி, பேக் ஃபில்டரும் வைப்போம் என்று வைத்தால், நீர் தெளித்த ஈரத்தூசு பையில் சேறாக அப்பிக்கொள்கிறது; சேற்றை அடித்து உதிர்க்க முடியாது. நீர் தெளிப்பவர் அதைக் கல் கொட்டும் இடத்தோடும் சாலையோடும் நிறுத்தி, உடைக்கும் இடத்தையும் சலிக்கும் இடத்தையும் தகரத்தால் மூடி உலர்ந்த தூசையே உறிஞ்ச வேண்டியிருக்கிறது. டிப்பர் ஓட்டுநர்களும் ஒன்றைக் கவனிக்கலாம். எஞ்சின் ஏர் ஃபில்டரைக் கழற்றி ஏர் பைப்பை வெளிப்பக்கத்திலிருந்து பிடித்தால் தூசு தாளுக்குள் இன்னும் ஆழமாக ஏறும். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு உள்ளிருந்து வெளியே ஊத வேண்டும். தாள் கிழிந்திருந்தால் ஊதாமல் தூக்கிப் போட வேண்டும்.