நெல் தூற்றிய அன்று ராத்திரி வரும் காய்ச்சல்

வீராணம் பாசனத்தில் சம்பா அறுவடை தொடங்கிவிட்டால், காட்டுமன்னார்கோயில் வட்டாரக் கொள்முதல் நிலையங்களில் தூற்றும் மெஷினுக்கு ஓய்வில்லை. உடம்பில் ஒட்டிய சுணை குளித்தால் போய்விடும். மூச்சோடு உள்ளே போனது அப்படிப் போகாது.

ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் பொதுவாக நெல்லை எடுக்கமாட்டார்கள். அதனால் மழையில் நனைந்த குவியல் படுதாவுக்குள் நாள்கணக்கில் புழுங்கிக் கிடக்கும். அந்தச் சூட்டில் பூஞ்சையும் சிலவகை பாக்டீரியாவும் பெருகும். குவியலைக் கிளறும்போது அவற்றின் நுண்வித்துகள் தூசியோடு பறந்து, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ச் சேரும்.

அங்கே காவல் இருப்பவை மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல்கள். தூசியை விழுங்கிய உடனே டி.என்.எஃப்., இன்டர்லூகின் போன்ற ரசாயனங்களைச் சுரந்து துணைக்கு ஆள் கூப்பிடும். ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் திரண்டு வந்து, எலாஸ்டேஸ் நொதியையும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் கொட்டும். கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் சரக்கு அது. காற்றறைச் சுவரின் செல்களையும் சேர்த்தே அரித்துவிடும். கெடுதல் தூசியுடையது மட்டுமல்ல, நம் உடம்பின் காவலும் செய்வது. இது தொடர்ந்தால் டி-லிம்போசைட்டுகளும் சேர்ந்துகொள்ளும். வருஷாவருஷம் நீடித்தால் டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற ரசாயனம் தழும்புத் திசுவை வளர்க்கும். தழும்பேறிய இடத்தில் மூச்சுக்காற்று ரத்தத்தில் கலப்பது குறையும், அந்த இடம் பழையபடி ஆகாது.

தூசி பட்டு 4 முதல் 8 மணி நேரம் கழித்துத்தான் குளிர் காய்ச்சலும் வறட்டு இருமலும் நெஞ்சு இறுக்கமும் வரும். ஓரிரு நாளில் தானே தணியும். அதனால் வேலையோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. சளிக்காய்ச்சல் என்று மாத்திரை வாங்கித் தின்றுவிட்டு மறுநாள் அதே குவியலுக்குப் போய்விடுகிறார்கள். இதன் பெயர் ஒவ்வாமை நுரையீரல் அழற்சி. இது அபூர்வ நோயும் அல்ல. நுரையீரல் திசு நோயாளிகள் 1,084 பேரைப் பற்றி 2017-ல் வெளியான இந்தியப் பதிவேட்டில் 47 சதவீதம் பேருக்கு இந்த ஒவ்வாமை வகைதான். அவர்களில் பலருக்கு ஏர்கூலர் காரணம் என்பது வேறு கதை.

நோயாளியிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கேளுங்கள் என மருத்துவர்களுக்கு 300 வருஷத்துக்கு முன்பே சொல்லிவைத்தவர் இத்தாலியின் ராமாசினி. தானியம் சலிப்பவர்களின் மூச்சுக்கோளாறையும் எழுதியிருக்கிறார். நம் ஓ.பி. வரிசையில் அதைக் கேட்க அவகாசம் கிடைப்பது அரிது. கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: நெல் தூற்றுகிறேன், சிப்பம் தூக்குகிறேன். சீட்டில் எழுதியும் வாங்குங்கள்.

அந்த ஒரு வரிக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. 1923-ன் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், தானியம் போன்ற கரிமத் தூசியால் வரும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சி தொழில்நோயாகவே இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2020-ன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் தொழில்நோய்களுக்கு இழப்பீடு சொல்கிறது. ஆனால் மஸ்டர் ரோலில் பெயரில்லாத கூலியாள் வேலையை எப்படி நிரூபிப்பது? நல வாரிய அட்டை, கூலிச் சீட்டு, ஓ.பி. சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

இருமல் நீடித்தால் சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் நுரையீரல் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும், தூசியை விட்டு விலகாவிட்டால் அதுவும் வீண். தலைத்துண்டை மூக்கில் கட்டுவது நுண்தூசிக்குப் போதாது. என்-95 வேண்டும், காற்று வரும் பக்கமாக நிற்க வேண்டும்.

சொந்த வயலில் தூற்றும் சிறு விவசாயிக்கு இழப்பீடு தர முதலாளி கிடையாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடைக்கும். அதையாவது அறுவடைக்கு முன்பே எடுத்துவைக்கலாம்.