முலாமுக்கு அடியில்

நீலகிரியின் நாடுகாணியில் ஆனி பிறந்துவிட்டால் தீப்பெட்டிகூட நமுத்துப்போகும். அந்த ஈரத்தில், பழைய தோட்ட பங்களாச் சுவரில் மாட்டிய துப்பாக்கி மட்டும் தப்புமா? எட்ட நின்றால் நிக்கல் முலாம் மின்னும். கிட்டப் போனால் ஊசிமுனைப் புள்ளிகள், சுற்றிலும் செம்பழுப்புக் கறை.

துத்தநாகம் பூசிய தகரத்தில் கீறல் விழுந்தால் துத்தநாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். நிக்கல் நேரெதிர். ஓட்டை விழுந்த இடத்தில் இரும்புதான் அரிபடும். துரு அடியில் பரவ, முலாம் செதில் செதிலாக உரியும்.

உரித்துவிடலாம் என்று தோன்றும்போது செய்யவேண்டிய முதல் வேலை ரசாயனமே அல்ல. குழல்வாய் வழியே வெடிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள் பல, கெட்டித்தபடியே கிடக்கும். குழலுக்குள் மரக்குச்சியை விட்டு, வாயருகே குறியிட்டு, வெளியே குழலோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். தீ போகும் துளைக்கு இரண்டு அங்குலம் முன்னாலேயே குச்சி நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது என்றே கொள்ளவேண்டும். ஈரம் படாத கருமருந்துக்கு வயதே கிடையாது. அதற்குமேல் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் பாடு.

அடுத்தது, முலாம் எப்போது ஏறியது? அமெரிக்காவில் ஐசக் ஆடம்ஸ் நிக்கல் முலாமுக்குக் காப்புரிமை வாங்கியது 1869இல். அதற்கு முந்தைய துப்பாக்கியில் நிக்கல் இருந்தால் பெரும்பாலும் பின்னால் யாரோ பூசியது. தொழிற்சாலையே பூசி அனுப்பியதென்றால், உரிந்திருந்தாலும் கைவைக்காதீர்கள் என்பேன்.

உப்புத்தாள் கூடவே கூடாது. குழலடியில் பர்மிங்காம் சோதனை முத்திரை இருந்தால் முலாமோடு அதுவும் தேய்ந்துபோகும். வெறும் அமிலத்தில் ஊறப்போட்டால் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகும். பிறகு ஸ்பிரிங் ஒருநாள் பட்டென்று முறியும்.

முலாம் பட்டறையில் செய்வது மின்சாரத்தைத் திருப்பிவிடுவதுதான். பூசும்போது பொருள் எதிர்முனை, உரிக்கும்போது நேர்முனை. செறிந்த கந்தக அமிலக் கரைசலில் நிக்கல் கரைந்து முடிந்ததும் இரும்பின்மேல் மெல்லிய காப்புப் படலம் உண்டாகி, மின்னோட்டம் சரியும். பட்டறைக்காரர் கண் துப்பாக்கியில் இருக்காது, மின்னோட்டமானியின் முள்ளில் இருக்கும்.

சென்னை அருங்காட்சியகத்தில் 1930களில் வேதியியலாளர் பரமசிவன் செப்புத்திருமேனிகளின் களிம்பை நீக்கியதும் மின்சாரத்தால்தான். அங்கே சிலை எதிர்முனையில் இருந்தது.

துப்பாக்கியின் முலாமை உரித்து முடித்தால் அமிலமும் நிக்கல் உப்பும் கலந்த பச்சைத் தண்ணீர் மிஞ்சும். தோலில் பட்டால் அரிப்பு, ஆவி நெஞ்சுக்கு ஆகாது. பட்டறையில் இதைச் சுத்திகரிக்க ஏற்பாடு இருக்கவேண்டும். வீட்டில் இருப்பது கொல்லைப்புற ஓடை. நாடுகாணிச் சரிவின் ஓடைகள் கேரளத்தின் வழிக்கடவுப் பக்கம் இறங்கிச் சாலியாற்றில் கலக்கின்றன.