பிறைக்கு அருகே மின்னிய வெள்ளி

2023 மார்ச் 24, ரமழானின் முதல் நோன்பு. அன்று மாலை மேற்கு வானில் பிறையை ஒட்டி ஒரு சுடர் மின்னியது. தாம்பரம் மொட்டை மாடிகளில் நின்று பார்க்கும் நமக்கு, இது ரமழானுக்கான அற்புதமோ என்று எண்ணத் தோன்றும்.

அது நட்சத்திரமல்ல, வெள்ளிக்கோள். நிலவு நமக்குச் சுமார் 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வெள்ளியோ அன்று சுமார் 18 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ஒரே திசையில் இருந்ததால் ஒட்டித் தெரிந்தன. நிலவு மாதந்தோறும் வெள்ளியைக் கடந்தே செல்கிறது.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டனர். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் ஏற்படுவதில்லை, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்று நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள்.

கணக்குப் பிசகாத அந்த ஓட்டமே அத்தாட்சி. வதந்தியைப் பகிராமல், பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டுவோம்.