பந்தல்குடியில் காடு என்றால் என்ன?

பந்தல்குடி பக்கம் ஒருத்தர் "காட்டுக்குப் போறேன்" என்றால் மரங்களுக்குள்ளே போகிறார் என்று அர்த்தமில்லை. சோளமோ மல்லியோ போட்ட புஞ்சைக்குப் போகிறார். அந்தப் புஞ்சையைச் சில வருஷம் உழாமல் விட்டால் சீமைக்கருவேலம் ஏறி நிஜமாகவே காடு மாதிரி ஆகிவிடும். அதை வெட்டினால் காடழிப்பா? சிரிக்காதீங்க, ஐரோப்பியச் சட்டத்தின்படி இது நியாயமான கேள்வி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ம் வருஷச் சட்டம் சொல்வது இது: மாடு, கோகோ, காபி, எண்ணெய்ப்பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும், அவற்றிலிருந்து வரும் பட்டியலிட்ட பொருட்களும், 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வரக்கூடாது. அமல் இரண்டு தடவை தள்ளிப்போய், பெரிய நிறுவனங்களுக்கு இப்போது 2026 டிசம்பர் 30 என்று நிற்கிறது. அமேசானையும் போர்னியோவையும் மனசில் வைத்து எழுதியதுதான். ஆனால் மரப் பட்டியலுக்குள்ளே மரக்கரியும் இருக்கிறது. இதற்கு முந்தைய மரச் சட்டத்தில் கரி கிடையாது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரி எப்படி உருவாகிறது? கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மேலே தழையும் ஈர மண்ணும் போட்டு மூடி, நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே புகையவிடுவார்கள். இதுதான் மூட்டம். ஒரு மூட்டத்துக்குள் ஒரே ஆளின் விறகுதான் இருக்கும் என்பதில்லை. பட்டா நிலத்து மரம், கண்மாய் மரம், ரோட்டோர மரம் எல்லாம் வியாபாரியிடம் மூடைகளாகச் சேரும்போது ஒரே கரிதான்.

சட்டம் கேட்பது அதற்கு நேர் எதிர். மரம் வெட்டிய ஒவ்வொரு நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத சரக்கைக் கலக்கவே கூடாது. தப்பினால் அபராதத்தின் உச்சவரம்பு, ஐரோப்பாவில் அந்த நிறுவனத்தின் ஆண்டு விற்பனையில் குறைந்தது 4 சதவீதம். இதைப் படிக்கும் ஒரு கம்பெனி என்ன செய்யும்? சிறு வியாபாரியைக் கைகழுவிவிட்டு, ஒரே பெரிய தோட்டத்தில் வாங்கும். காட்டுக்கு அதனால் லாபமில்லை, மூட்டக்காரருக்குப் பிழைப்பு போகும்.

அரை ஹெக்டேருக்கு மேல் பரப்பு, 5 மீட்டருக்கு மேல் மரம், 10 சதவீதத்துக்கு மேல் நிழல் இருந்தால் அது காடு என்பது சட்டத்தின் அளவுகோல். வளர்ந்த கருவேலம் இதில் சுலபமாகத் தேறிவிடும். அதை வெட்டிச் சோளம் விதைத்தால், செயற்கைக்கோள் படத்தில் பச்சை போய் உழவு வந்திருக்கும், பார்ப்பதற்குக் காடழிப்பேதான்.

ஆனால் அதே சட்டம், தரிசாகப் போட்ட விவசாய நிலமும் விவசாய நிலம்தான் என்கிறது. நம்ம ஆட்களுக்கு வழி அங்கேதான் இருக்கு. படத்தோடு வாதாட ஒரு காகிதம் வேண்டும், அது கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல். எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எது தரிசு என்று பசலி வாரியாக அதில் பதிவாகும். கண்மாய் மரத்துக்கு இது உதவாது. முறையாக ஏலம் எடுத்த ரசீது வேண்டும், விவசாய நிலம் என்ற வாதமும் அங்கே செல்லாது. அதனால் அந்தக் கரியைத் தனி மூட்டமாகவே போட்டுத் தனியாக வைக்க வேண்டும்.

நிஜமாகவே பொறுப்போடு வாங்க நினைக்கும் கம்பெனி, வியாபாரியிடம் உறுதிமொழிக் கடிதம் கேட்டு நிறுத்தக்கூடாது. மூடைக்கு ஒரு சீட்டு, சீட்டில் புல எண், கூடவே 1430-ம் பசலி அடங்கல் நகல். 2020 ஜூலை முதல் 2021 ஜூன் வரைக்கான கணக்கு அது. சட்டம் சொல்லும் டிசம்பர் 31 அதற்குள்தான் வருகிறது. அந்த நகலுக்கு அலையும் கூலியைக் கரி விலையில் யார் சேர்த்துக் கொடுப்பார்கள் என்பதை வாங்கும்போதே பேசி முடிக்கணும்.